மிசிசிப்பி பிறக்கும் இடம்: ஐட்டாஸ்கா ஏரி, அதைச் சுற்றிய காடு, நடைபாதைகள்

செங்காங் தேன்மொழி

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துக்குப் போய் வந்தோம். மிசிசிப்பி ஆறு தொடங்குகிற ஐட்டாஸ்கா பூங்காவில் தங்கினோம். போவதற்கு முன் தமிழில் தேடினேன், உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்த இழை. கேள்வி இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் என்ன செய்கிறார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டியை நிறுத்துகிறார்கள். சில நூறு அடி நடக்கிறார்கள். ஏரி முடிந்து ஆறு தொடங்கும் இடத்தில் வரிசையாகக் கல் போட்டிருக்கிறது. அதன்மேல் ஏறி, ஆற்றைக் கால்நடையாகக் கடந்து, பக்கத்தில் இருக்கும் மரக்கம்பத்தோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. இவ்வளவுதான் திட்டம் என்றால் சிங்கப்பூரிலிருந்து அத்தனை தூரம் போக வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அந்தக் கற்களில் இல்லை விஷயம், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் காட்டில் இருக்கிறது.

பூங்காவின் பரப்பு 32,000 ஏக்கருக்கு மேல். அதற்குள் நூற்றுக்கும் அதிகமான ஏரிகள். மழையும் உருகிய பனியும் முதலில் சதுப்பிலும் பைன் காட்டு மண்ணிலும் இறங்கி, ஏரிக்கு ஏரி கசிந்து, கடைசியில்தான் ஐட்டாஸ்கா ஏரிக்கு வந்து சேர்கின்றன. அந்த மரக்கம்பத்தில் கடல்மட்டத்திலிருந்து 1475 அடி உயரம் என்றும், மெக்சிகோ வளைகுடா வரை 2552 மைல் என்றும் செதுக்கியிருக்கிறார்கள். இங்கே விழும் ஒரு சொட்டுத் தண்ணீர் கடல் போய்ச் சேர ஏறக்குறைய 90 நாள் ஆகுமாம்.

தண்ணீரில் இறங்கினால் முழங்கால்தான். ஜூனிலும் சில்லென்று இருக்கிறது. அடியில் கூழாங்கல், அதன்மேல் தண்ணீர்ச்செடி ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடுகிறது. எங்கள் சின்னவள் அதை வைத்தே ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். ஓடுவது வடக்கே! மெக்சிகோ வளைகுடா தெற்கே இருக்க, இந்த ஆறு முதலில் வடக்கே போய், பெமிட்ஜி ஊரைத் தொட்டு, கிழக்கே திரும்பி ஏரி ஏரியாக நுழைந்து வெளிவந்து, அப்புறம்தான் தெற்கே இறங்குகிறது.

படங்களை அப்புறம் போடுகிறேன்.

தேக்காக்காரன்

நல்ல பதிவு தேன்மொழி அக்கா. ஆனால் மனதில் பட்டதைக் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம், நாலு பேருக்கு விமானச் சீட்டு, வாடகைக் கார். இவ்வளவும் ஒரு ஓடையைப் பார்க்கவா? அதே செலவில் பெரிய அருவிகளையோ மலைகளையோ பார்த்துவிட்டு வரலாமே.

இன்னொன்று. அந்தக் கற்கள் இயற்கையாக அமைந்தவை அல்ல, அரசாங்கம் கொண்டுவந்து போட்டவை என்று படித்திருக்கிறேன். ஆறு தொடங்கும் இடத்தையே செயற்கையாகச் செய்துவைத்துவிட்டு, இதுதான் ஆற்றின் பிறப்பிடம் என்று காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

செங்காங் தேன்மொழி

தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை தம்பி, நல்ல கேள்வி.

கற்கள் பற்றி நீங்கள் படித்தது உண்மை. 1930களில் பொருளாதார மந்தக் காலத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசு வேலை கொடுத்த திட்டம் ஒன்று இருந்தது. அந்த ஆட்கள்தான் அந்த இடத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன் ஏரியின் வாய் சேறும் கோரையுமாக இருந்தது, ஆறு எங்கே தொடங்குகிறது என்று கையைக் காட்டிச் சொல்ல முடியாது. சதுப்பை மேடாக்கி, கால்வாய் வெட்டி, கற்களை அடுக்கினார்கள். பூங்கா இதை மறைக்கவில்லை, கேட்டால் சொல்கிறார்கள். எனக்கும் அந்தச் சேற்று வாய்தான் பிடித்திருக்கும்.

ஆனால் பிறப்பிடம் எது என்ற வழக்கு அந்தக் கற்களைவிடப் பழையது. 1832இல் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் இந்த ஏரிதான் மூலம் என்று உலகுக்கு அறிவித்தார். அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனவர் ஓசாவிந்திப், அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களின் தலைவர். ஒஜிப்வே மக்களுக்கு அந்த ஏரி முன்பே நன்றாகத் தெரியும். வழி தெரிந்தவர் கூட்டிப்போய்க் காட்டியதைக் கண்டுபிடிப்பு என்று பாடப்புத்தகத்தில் எழுதுவது எனக்கு எப்போதும் உறுத்தும். நாலு வருடம் கழித்து நிக்கோலே என்ற பிரெஞ்சுக்காரர் வந்து, ஐட்டாஸ்கா ஏரிக்குள் விழும் ஓடைகளை ஆராய்ந்தார். 1881இல் கிளேசியர் என்பவர் வந்து, பக்கத்து எல்க் ஏரிதான் உண்மையான மூலம் என்று கிளப்பிவிட்டார். சச்சரவைத் தீர்க்க ஜேக்கப் புரோவர் என்ற நில அளவையாளர் 1888, 89இல் காடு முழுக்க அளந்தார். ஐட்டாஸ்காவுக்கு மேலேயும் குட்டைகளும் ஓடைகளும் உண்டு, ஆனாலும் ஆறு என்று சொல்லும்படி தண்ணீர் ஓடுவது ஐட்டாஸ்காவிலிருந்துதான் என்று முடிவு சொன்னார்.

அளக்கப் போனவர் மரம் வெட்டுகிறவர்கள் எவ்வளவு நெருங்கிவிட்டார்கள் என்பதையும் பார்த்துவிட்டார். அப்போது மின்னசோட்டா முழுக்கப் பைன் மரங்களை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டு ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். புரோவர் ஓடாத இடமில்லை, எழுதாத கடிதமில்லை. 1891இல் ஐட்டாஸ்கா மாநிலப் பூங்கா ஆனது. மின்னசோட்டாவிலேயே பழைய மாநிலப் பூங்கா இதுதான்.

ஓடையைப் பார்க்கவா அவ்வளவு தூரம் என்று கேட்டீர்கள். அந்த ஓடை இன்னும் ஓடையாக இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான்.

ஈசூன் வடகாற்று

சிங்கப்பூரில் வளர்ந்தவன், ஈசூன் புளோக்கில்தான் பள்ளிக்காலம் முழுக்க. இப்போது மினியாபொலிஸில் வேலை. தேன்மொழி அக்கா விட்ட சிலவற்றை நான் சேர்க்கிறேன்.

மேரி கிப்ஸ் கதையைச் சொல்லாமல் ஐட்டாஸ்கா கதை முடியாது. பூங்கா அறிவித்த பிறகும் வெட்டு நிற்கவில்லை, ஏனென்றால் உள்ளே பல நிலங்கள் மரக் கம்பெனிகளிடம் இருந்தன. ஆற்றின் வாய்க்குக் கீழே அணை கட்டி, மரக்கட்டைகளை மிதக்கவிடத் தண்ணீரைத் தேக்கினார்கள். ஏரி மட்டம் ஏறி, கரை மரங்களின் வேர் மூழ்கத் தொடங்கியது. 1903இல் பூங்கா ஆணையராக இருந்தவர் இறந்துபோக, அவர் மகள் மேரி பொறுப்பேற்றார். வயது 24. மதகைத் திறக்கச் சொல்லி அவரே அணைக்குப் போனார். அங்கிருந்தவர்கள் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார்கள். அவர் பின்வாங்கவில்லை. அந்தப் பதவியில் அவரை நீண்ட நாள் வைத்திருக்கவும் இல்லை. ஆற்றின் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் வருகையாளர் மையத்துக்கு இன்று அவர் பெயர்தான். படம் எடுக்கப் போகிறவர்கள் அந்தக் கட்டடத்துக்குள் பத்து நிமிடமாவது நுழைந்து பாருங்கள்.

இனி நடைபாதைகள்.

வில்டர்னஸ் டிரைவ் என்று ஒருவழிச் சாலை, 10 மைல் அளவு. சைக்கிளிலும் போகலாம். அதிலிருந்து பிரிகிற போஹால் பாதை அரை மைல்தான், ஆனால் என்னைக் கேட்டால் பூங்காவிலேயே சிறந்த அரை மைல் அதுதான். கை படாத காடு. விழுந்த மரத்தை யாரும் எடுப்பதில்லை. அதன்மேல் பாசி, பாசியின்மேல் முளைவிட்ட கன்று. முடிவில் போஹால் ஏரி, பெரும்பாலும் ஆள் இருக்க மாட்டார்கள். ஐட்டன் ஹைட்ஸில் 100 அடி உயரத் தீக்காவல் கோபுரம் இருக்கிறது. ஏறினால் காடும் ஏரியும் மாறி மாறித் தெரியும்.

பிள்ளைகளோடு போனால் ஊசியிலையை எண்ணச் சொல்லுங்கள். ஒரு காம்பில் இரண்டு ஊசி இருந்தால் செம்பைன், ஐந்து இருந்தால் வெண்பைன். செம்பைன் ஊசியை வளைத்தால் பட்டென்று ஒடியும். ப்ரீச்சர்ஸ் குரோவ் தோப்பில் நிற்கும் செம்பைன்களுக்கு 250 வயதுக்கு மேல். அடிமரப் பட்டை செதில் செதிலாக, இளஞ்சிவப்பில் உதிரும். வெயில் பட்டால் பிசின் மணம்.

அந்தத் தோப்பில் கிழட்டு மரங்களைப் பார்த்துவிட்டுக் கீழேயும் பாருங்கள். கன்றுகள் குறைவு. செம்பைன் விதை முளைக்க மண் வெறுமையாக இருக்க வேண்டும், மேலே வெளிச்சம் வேண்டும். இரண்டையும் கொடுத்துவந்தது காட்டுத்தீ. பூங்கா வந்த பிறகு எல்லாத் தீயையும் அணைத்தார்கள், கன்று வருவது நின்றுபோனது. இப்போது பூங்காவினரே பார்த்துப் பார்த்துத் தீ வைக்கிறார்கள். வெண்பைனுக்கு வேறு தொல்லை, மான். குளிர்காலத்தில் வேறு தீனி இல்லாமல் நுனிக்குருத்தைக் கடித்துவிடும், மரம் உயரவே உயராது. அதனால் இங்கே வெண்பைன் நடுகிறவர்கள் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் கன்று கன்றாகப் போய், நுனிக்குருத்தைச் சின்னக் காகிதத்தால் மூடிக் கம்பிப்பின் அடிப்பார்கள். நானும் தன்னார்வலனாகப் போயிருக்கிறேன். குனிந்து, கையுறையைக் கழற்றி, குருத்தைச் சுற்றிக் காகிதத்தை மடித்து, ஊசிகளோடு சேர்த்து ஒரு பின். குருத்தின் மேல் பின் பட்டுவிடக் கூடாது. கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துவிடும். அடுத்த வருடமும் அதே கன்றுக்குப் போக வேண்டும், மானின் வாய்க்கு எட்டாத உயரம் வரும்வரை.

பொத்தோங் பாசிர் பாட்டி

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது பிள்ளைகளா. என் மகன் சிகாகோவில் இருக்கிறான், வாம்மா கூட்டிப்போகிறேன் என்கிறான். எனக்கு முட்டிவலி, படி ஏற முடியாது. அங்கே போய் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

செங்காங் தேன்மொழி

இல்லைம்மா, தாராளமாகப் போகலாம். என் மாமியாரும் எங்களோடு வந்தார், அவருக்கும் முட்டிதான். மையத்திலிருந்து ஆற்றின் வாய் வரை பாதை சமமாக இருக்கும், சக்கர நாற்காலியும் போகும். ஆனால் கற்கள் வழுக்கும், அவற்றின்மேல் ஏற வேண்டாம். பக்கத்தில் ஒரு மரப்பாலம் இருக்கிறது, அதில் நின்றே பார்க்கலாம். ப்ரீச்சர்ஸ் குரோவ் சாலையோரத்திலேயே இருக்கிறது. ஏரியில் சுற்றுலாப் படகும் ஓடுகிறது. 1905இல் கட்டிய டக்ளஸ் விடுதியின் திண்ணையில் உட்கார்ந்தால் மரங்களுக்கு நடுவே ஏரி தெரியும். மாமியார் அங்கிருந்து எழுந்திருக்கவே மனமில்லாமல் இருந்தார்.

ஈசூன் வடகாற்று

அம்மா, பெமிட்ஜி ஏரிப் பூங்காவையும் மகனிடம் சொல்லுங்கள். ஐட்டாஸ்காவிலிருந்து அரை மணி, முக்கால் மணிப் பயணம். அங்கே சதுப்புக்கு நடுவே பலகைப்பாதை போட்டிருக்கிறார்கள். பூச்சி தின்னும் குடுவைச்செடி, ஜூன் கடைசியில் மின்னசோட்டாவின் மாநிலப் பூவான ஆர்க்கிட், இரண்டையும் காலடியில் பார்க்கலாம். ஆர்க்கிட் என்றால் நமக்கு வெப்பநாட்டுப் பூ. ஆறு மாதம் பனி மூடும் ஊரில் அது பூப்பதை நேரில் பார்க்க வேண்டும். பலகைப்பாதைக்குப் போகும் வழி ஒரு மைலாவது இருக்கும், அதனால் பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆறு பெமிட்ஜியைத் தாண்டி காஸ் ஏரிக்குள் போகிறது. அந்த ஏரிக்குள் ஸ்டார் தீவு, தீவுக்குள் இன்னோர் ஏரி. அப்புறம் வின்னிபிகோஷிஷ் என்ற மாபெரும் ஏரி. இந்தப் பக்கமெல்லாம் லீச் லேக் ஒஜிப்வே மக்களின் நிலம். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் போனால், ஏரித் தண்ணீரில் தானாக வளரும் காட்டரிசியின் அறுவடை நடக்கும். அறுவடை என்றாலும் கதிரை அறுப்பதில்லை. படகில் இரண்டு பேர். ஒருவர் கோலால் படகைத் தள்ளுவார். மற்றவர் கையில் இரண்டு மெல்லிய குச்சி. ஒரு குச்சியால் கதிரைப் படகுக்கு மேல் வளைத்து, மற்றக் குச்சியால் மெல்லத் தட்டுவார். முற்றிய மணி மட்டும் உதிரும். படகில் விழுந்தது வீட்டுக்கு, தண்ணீரில் விழுந்தது அடுத்த வருடத்துக்கு. பச்சையாக இருப்பது கதிரிலேயே நிற்கும், சில நாள் கழித்து மறுபடி வருவார்கள்.

காட்டில் நாட்டம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. சிப்பெவா தேசிய வனத்தில் லாஸ்ட் ஃபார்ட்டி என்ற இடம். 1882இல் அளந்தவர்கள் 144 ஏக்கர் காட்டைத் தவறுதலாக ஏரி என்று வரைபடத்தில் குறித்துவிட்டார்கள். ஏரியை யார் வெட்டுவார்கள்? அந்த மரங்கள் தப்பித்தன. ஒரு மைல் சுற்றுப்பாதை, எளிதானது.

காலாங்கரை

மிசிசிப்பியை எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். நான் கொஞ்சம் நம்ம ஊருக்குத் திரும்புகிறேன், நிர்வாகிகள் மன்னிக்கவும். தலைப்பை விட்டு விலகவில்லை என்றே நினைக்கிறேன்.

நம்மில் எத்தனை பேர் நம்ம ஊர் ஆற்றின் தலைப்பகுதிக்குப் போயிருக்கிறோம்? சிங்கப்பூரின் நீளமான ஆறு காலாங் ஆறு, சுமார் 10 கிலோமீட்டர். லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி, அங் மோ கியோ, பீஷான், தோ பாயோ பக்கமாக இறங்கி, மரீனா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. லோயர் பியர்ஸ் 1910இல் கட்டி முடித்தது. அப்போது அதற்குக் காலாங் ஆற்று நீர்த்தேக்கம் என்றே பெயர், 1922இல்தான் பியர்ஸ் என்று மாறியது. அதாவது இந்த ஆற்றின் தலையைத்தான் அணை கட்டி நம் குடிதண்ணீருக்கு வைத்துக்கொண்டோம். நமக்கும் நீர்வாயில் மனிதன் கை வைத்த கதை உண்டு தேக்காக்காரன்.

ஐட்டாஸ்கா கதையைப் படித்தபோது எனக்கு உடனே மெக்ரிட்சி நினைவு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவின் காட்டைக் காசுக்கட்டி, மிளகுத் தோட்டங்களுக்காக வெட்டித் தள்ளினார்கள். பெரும்பகுதி போய்விட்டது. 1868இல் மெக்ரிட்சி நீர்த்தேக்கம் வந்தது, தண்ணீருக்காக அதன் சுற்றுக்காட்டைக் காக்க வேண்டியதாயிற்று. மத்திய நீர்ப்பிடிப்புக் காடு இன்று 2,000 ஹெக்டருக்கு மேல் நிற்கிறது என்றால், தண்ணீருக்காக அதை மூடி வைத்தது ஒரு முக்கியக் காரணம். 1992இல் லோயர் பியர்ஸ் பக்கம் கோல்ஃப் மைதானம் கட்டும் யோசனை வந்தது. சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தார் அந்தக் காட்டில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்கள், பொதுமக்கள் கையெழுத்துப் போட்டார்கள், யோசனை கைவிடப்பட்டது. துப்பாக்கி இல்லை, மதகு இல்லை. ஆனால் மேரி கிப்ஸ் செய்ததும் அவர்கள் செய்ததும் ஒரே வேலை.

லோயர் பியர்ஸ் பலகைப்பாதை 900 மீட்டர்தான். பாட்டியம்மா, இதில் உங்கள் முட்டிக்கும் அதிகக் கஷ்டம் இருக்காது. ஒரு பக்கம் நீர்த்தேக்கம், மறுபக்கம் பழைய ரப்பர் மரங்கள் கலந்த காடு. காலையிலேயே போனால் வெயில் இல்லை.

தேக்காக்காரன்

காலாங்கரை அண்ணன் எழுதியதைப் படித்தேன். மரியாதையோடு ஒரு மறுப்பு. 10 கிலோமீட்டர் ஆற்றையும் 2552 மைல் ஆற்றையும் ஒரே தட்டில் வைக்கலாமா? என் சிறுவயதில் காலாங் ஆறு என்றாலே சிமெண்டுக் கால்வாய்தான். மழை வந்தால் ஓடும், இல்லாவிட்டால் நடுவில் ஒரு கோடு மாதிரித் தண்ணீர். அதற்குத் தலை எங்கே, வால் எங்கே என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

காலாங்கரை

தம்பி, நீளத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் நீங்கள் பார்த்த அந்தக் கால்வாயை இப்போது போய்ப் பாருங்கள். பீஷான் அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். கரைக்குச் சிமெண்டு இல்லை. மண் அரிக்காமல் பிடிக்கும் செடிகளையும் கற்களையும் வைத்தே கரை கட்டினார்கள். மழை பெருத்தால் ஆறு புல்வெளி மேல் ஏறும், அதற்கென்றே இடம் விட்டிருக்கிறார்கள், எச்சரிக்கை ஒலியும் உண்டு. மழை விட்டால் தண்ணீர் இறங்கிவிடும். நீர்நாய்க் குடும்பங்கள் வந்து மீன் பிடிக்கின்றன.

வளைந்து ஓடுவதற்கும் நேராக ஓடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று அங்கே கரையில் உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். வளைவின் உள்பக்கம் மணல் படிகிறது, வெளிப்பக்கம் ஆழமாகிறது. மணலில் கொக்கு நிற்கிறது, ஆழத்தில் மீன் ஒதுங்குகிறது. நேர்க்கால்வாயில் இரண்டுக்கும் இடம் கிடையாது.

பொருநைப் பிள்ளை

சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், இருபது வருடமாக ஜூரோங்கில். இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தாமிரபரணி பொதிகை மலையில் பிறக்கிறது. மேலே காடு, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். நினைத்தபோது யாரும் மேலே போக முடியாது, அனுமதி வேண்டும், குறிப்பிட்ட காலத்தில்தான் விடுவார்கள். ஆறு மலையைவிட்டு இறங்கும் பாபநாசத்தில் கதை தலைகீழ். குளித்தால் பாவம் போகும் என்று வருகிறவர்கள் கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். படித்துறைக்குக் கீழே காலை வைத்தால் சேலை சிக்கும், வேட்டி சிக்கும். ஆட்கள் இறங்கி மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள், அடுத்த அமாவாசைக்கு மறுபடி சேர்ந்துவிடுகிறது. வணங்குகிற ஆற்றுக்கே இதைச் செய்கிறோமே என்று ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் நெஞ்சு எரிகிறது.

அதனால் என் கட்சி இது: ஆற்றின் தலைப்பகுதிக்கு மக்களை விடவே கூடாது. ஐட்டாஸ்காவுக்கு வருடத்துக்கு 5 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்களாம். அவ்வளவு பேர் மிதித்தால் எந்த ஊற்று தாங்கும்?

செங்காங் தேன்மொழி

பொருநை அண்ணா, நீங்கள் எழுதிய துணி விஷயத்தைப் படித்து மனசு கனத்துவிட்டது. ஆனால் முழுக்க மூடுவதை நான் ஏற்க மாட்டேன்.

புரோவர் அந்தக் காட்டை நேரில் நடந்து பார்த்தவர். மேரி கிப்ஸ் அந்த ஏரிக்கரையில் வாழ்ந்தவர். 1992இல் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனையோ பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நடந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். யாரும் போகாத காட்டுக்காக ஊர் திரண்டு குரல் கொடுக்காது. ஐட்டாஸ்காவில் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. அந்த 5 லட்சம் பேரில் பெரும்பாலானோர் ஆற்றின் வாய், விடுதி, சாலை இவற்றைச் சுற்றியே இருக்கிறார்கள். மிதிபடுவதற்கென்று ஓர் இடத்தைப் பலமாகக் கட்டிவிட்டார்கள். மேற்குப் பக்கத்துக் காட்டுக்குள் பாதைகள் குறைவு, வண்டி போகாது. இப்படிப் பார்த்தால் தேக்காக்காரன் குறை சொன்ன அந்தக் கற்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

காலாங்கரை

தேன்மொழியோடு நான் பாதி வழிதான் வருவேன். நம்மிடம் நீ சூன் நன்னீர்ச் சதுப்புக் காடு இருக்கிறது. சிங்கப்பூரில் இந்த வகைக் காட்டில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். அங்கே நடைபாதை போட வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பேன். சில இடங்கள் அவ்வளவு சின்னவை, ஒரு பாதை போட்டாலே அதன் தண்ணீர் ஓட்டம் மாறிவிடும். மெக்ரிட்சி வேறு. அங்கே 250 மீட்டர் மரஉச்சிப் பாலம் போட்டு, ஒரே திசையில் விடுகிறார்கள். கால் தரையில் படாமலேயே காட்டின் தலையைப் பார்த்துவிட்டு வரலாம்.

பொருநைப் பிள்ளை

இதை ஏற்றுக்கொள்கிறேன். இடத்துக்கு இடம் வேறு. பாபநாசத்தில் படித்துறையை மூடச் சொல்லவில்லை, அதை யாராலும் முடியாது. துணியை ஆற்றில் விடாமல் கரையிலேயே வாங்கிக்கொள்ள ஆளும் தொட்டியும் எல்லா நாளும் இருக்க வேண்டும். பூசை செய்கிறவர்களும் அதையே சொல்ல வேண்டும். அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் சனம் கேட்கும், நாம் சொன்னால் கேட்காது.

தேக்காக்காரன்

சரி, நான் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து அமெரிக்கா போகும் திட்டம் இருக்கிறது, மின்னசோட்டாவையும் சேர்க்கலாம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் இந்த ஞாயிறு லோயர் பியர்ஸ். பையனுக்கு ஆறு வயது. அவனைக் கூட்டிக்கொண்டு ஐட்டாஸ்கா போக எந்த மாதம் சரி? பூச்சித் தொல்லை எப்படி? ஏரியில் குளிக்கலாமா?

ஈசூன் வடகாற்று

குளிக்கலாம், ஐட்டாஸ்கா ஏரியில் மணற்கரை உண்டு. உயிர்காப்பாளர் இருக்க மாட்டார், பையனை ஒரு கை தூரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில்தான் தண்ணீர் குளிக்கிற பதத்துக்கு வரும். ஜூனில் கொசு கூட்டமாக வரும், நம்ம ஊர்க் கொசுவைவிடப் பெரியது.

கொசுவைவிட உண்ணிதான் கவனிக்க வேண்டியது. மான் உண்ணி எள்ளளவுதான் இருக்கும், லைம் நோயைக் கொண்டுவரும். வெளிர்நிறத்தில் நீளக் கால்சட்டை, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். பாதையின் நடுவில் நடக்கச் சொல்லுங்கள், புல்லில் உரச வேண்டாம். அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் எல்லாம் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் வைப்பது, நெருப்பு காட்டுவது கூடாது.

பள்ளி விடுமுறை தடையில்லை என்றால் செப்டம்பர் கடைசி வாரம் நான் சொல்வேன். மேப்பிள் சிவக்கும், கொசு போயிருக்கும், கூட்டம் குறைவு. ஆனால் இரவில் குளிர் உறைநிலைக்குப் பக்கம் இறங்கும். லூன் பறவையைக் குஞ்சோடு பார்க்க வேண்டும் என்றால் ஜூன் கடைசி, ஜூலை. குஞ்சைத் தாய் முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். ஆறு வயதுப் பையனுக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன், ஜூலைக்கே திட்டம் போடுங்கள். பூங்காவுக்குள் இருக்கும் விடுதி அறைகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். கிடைக்காவிட்டால் பார்க் ரேப்பிட்ஸ் ஊரில் தங்கலாம், காரில் அரை மணிதான்.